உள்ளே வைத்தால் தெளிந்துவிடுமா?

கூத்தாநல்லூர், லெட்சுமாங்குடி, பொதக்குடி, வடபாதிமங்கலம் என்று இந்த வட்டாரத்தில் எந்த டீக்கடை பெஞ்சில் கேட்டாலும் ஒரே தீர்ப்புதான் கிடைக்கும். பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் குடித்துவிட்டு நடுத்தெருவில் நின்று கத்துகிறார், மனைவியை அடிக்கிறார், வரப்புத் தகராறில் அரிவாளைத் தூக்குகிறார் என்றால், “ரெண்டு நாளு உள்ள வச்சா எல்லாம் தெளிஞ்சிடும்.” ஸ்டேஷனிலும் இதே பேச்சுதான். கூடப்பிறந்த தம்பி சொல்வதும் இதுதான். கொஞ்சம் படித்தவர்கள் இதையே நாகரிகமாகச் சொல்வார்கள்: சட்டத்தின் முன் எல்லோரும் சமம், எக்ஸ் சர்வீஸ்மேன் என்பதற்காகக் குற்றத்தில் தள்ளுபடி கொடுக்க முடியுமா?

இப்படிச் சொல்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். அந்த ராத்திரியில் அந்தத் தெருவில் வேறு வழி தெரியாமல் நிற்பவர்கள். இருந்தாலும் அவர்கள் சொல்வது தவறு, அதுவும் ஆளைக் கொல்லக்கூடிய தவறு.

பல வருடம் தினமும் குடித்துப் பழகிய உடம்பில் சாராயம் திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்பதிலிருந்தே தொடங்கலாம். சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போய்விடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் இடையில் சிலருக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்னும் நிலை வரும். இல்லாத ஆள் எதிரே நிற்பதாகத் தெரியும், சுவரில் பூச்சி ஊரும், நாள் கிழமை மறந்துபோகும், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். உரிய நேரத்தில் மருந்தும் குளுக்கோஸும் வைட்டமின் ஊசியும் கிடைத்தால் பெரும்பாலானோர் பிழைத்துவிடுவார்கள். கிடைக்காவிட்டால் உயிர்கூடப் போகும். ஊர் கேட்கும் அந்த ‘ரெண்டு நாள்’ சரியாக இந்த இரண்டு நாள்தான். ஆபத்து உச்சிக்கு ஏறுகிற நேரத்தை டாக்டர் இல்லாத அறையில், சிமெண்ட் தரையில் கழிக்கச் சொல்கிறோம். மூன்றாம் நாள் வெளியே வரும்போது அவர் வாடி, தலைகவிழ்ந்து, யாரோடும் பேசாமல் வருவார். அதைப் பார்த்துத்தான் தெளிந்துவிட்டார் என்கிறது ஊர். அடுத்த வாரம் அதே தெரு, அதே சத்தம், அதே ஸ்டேஷன்.

‘பட்டாளத்தில் இப்படிக் கொஞ்சுவார்களா? முட்டிக்கு முட்டி தட்டித்தானே வழிக்குக் கொண்டுவருவார்கள்’ என்பது இந்தப் பேச்சின் அடுத்த வரி. பட்டாளத்தைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள்தான் இதைச் சொல்வார்கள். குடித்துவிட்டு வரும் ஜவானுக்கு 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 48ஆவது பிரிவில் தண்டனை வைத்திருக்கிறது, உண்மைதான். அதோடு விட்டுவிடுவதில்லை என்பதும் உண்மை. குடி கைமீறிப் போய்விட்டது என்று தெரிந்தால், அந்த ஜவானின் நடத்தை, வேலை, பேச்சு எல்லாவற்றையும் பற்றி அவருடைய கமாண்டிங் ஆபீசர் அதற்கென்று உள்ள படிவத்தில் அறிக்கை எழுதி, ராணுவ மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புகிறார். அங்கே சேர்த்துச் சிகிச்சை கொடுக்கிறார்கள். திரும்பி வந்ததும் மருத்துவத் தரத்தைக் குறைத்து, கண்காணிக்கக்கூடிய இடத்தில் பணி கொடுத்து, குறிப்பிட்ட இடைவெளியில் மறுபரிசோதனைக்கு அழைக்கிறார்கள். இந்த நாட்டிலேயே கட்டுப்பாட்டுக்குப் பேர்போன நிறுவனம், குடிக்கு அடிமையான தன் ஆளை நோயாளி என்று வரவில் வைக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பிய மறுநாள், அதே ஆள், அதே நோயோடு, கூத்தாநல்லூரில் ரவுடி ஆகிவிடுகிறார்.

சட்டம் சமம் என்கிறவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. அந்தச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. குடியும் போதையும் உண்டாக்கும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே அது வைத்திருக்கிறது. ஆகவே ‘இது நோய் இல்லை, வெறும் குடி’ என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. 100ஆவது பிரிவு நேராக ஸ்டேஷனைப் பார்த்துப் பேசுகிறது. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. கூடிய சீக்கிரம், அதிகம் போனால் 24 மணி நேரத்துக்குள், பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படிப் பாதுகாப்பில் எடுத்தவரை எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. தேவையென்றால் மாஜிஸ்திரேட் பத்து நாள்வரை மருத்துவமனையில் வைத்துப் பரிசோதிக்க உத்தரவிடலாம் என்கிறது 102ஆவது பிரிவு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், வழக்குப் போடக் கூடாது என்கிறது 115ஆவது பிரிவு. இவற்றில் ஒன்றுகூடப் பட்டாளத்துக்காரருக்கான சலுகை இல்லை. நடவுக்குப் போகும் கூலித் தொழிலாளிக்கும் இதே சட்டம்தான். அதற்கும் முன்பே, 1993இல், குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று ஷீலா பார்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நடப்பது என்ன? பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294பி, 506(2). இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 296, 351. ஆபாசமாகத் திட்டினார், கொலை மிரட்டல் விடுத்தார். ரைட்டருக்கு மனப்பாடமான வாசகம் அது. வேடிக்கை என்னவென்றால், குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்வதற்கு அதே சன்ஹிதாவின் 355ஆவது பிரிவு கொடுக்கும் உச்ச தண்டனை 24 மணி நேரச் சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது சமூக சேவை. செய்த காரியத்துக்கு ஒரு நாள். அதற்கு எழுதிய வாசகத்துக்கோ பதினைந்து நாள் ரிமாண்ட். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். தீர்ப்பு வருவதற்கு முன்பே தண்டனையை அனுபவித்து முடிப்பவர்கள் அவர்கள். அந்தக் கூட்டத்தில் கை நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு ஹவில்தாரும் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

போலீஸ் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டேஷனில் இருப்பது ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, ஒன்றிரண்டு காவலர்கள். முறுக்கேறிய உடம்புள்ள ஓர் ஆளை ஜீப்பில் ஏற்றி மன்னார்குடிக்கோ திருவாரூருக்கோ கொண்டுபோனால், “சைக்கியாட்ரி டாக்டர் காலையிலதான் வருவாரு” என்ற பதில் கிடைக்கும். திரும்பக் கொண்டுவந்து எங்கே வைப்பது? அதனால்தான் லாக்கப். இந்தச் சங்கடம் நிஜம். இதற்கும் அந்தச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது என்பதுதான் யாரும் கவனிக்காத சங்கதி. 94ஆவது பிரிவின்படி, உயிருக்கு ஆபத்தோ கடும் தீங்கோ நேரும் என்ற அவசர நிலையில், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம்வரை சிகிச்சை கொடுக்கலாம். மனநல மருத்துவர்தான் வர வேண்டும் என்பதில்லை. இரவுப் பணியில் இருக்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர் போதும். அந்த 72 மணி நேரம் ஏறக்குறைய உடம்பு ஆபத்தில் இருக்கும் நேரத்துக்குச் சமம். திருவாரூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2010 முதல் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. ஸ்டேஷனுக்கும் கேஷுவாலிட்டிக்கும் நடுவில் ஒரு ஏற்பாடு மட்டும் இல்லை.

இனி ‘பி.டி.எஸ்.டி. எல்லாம் அமெரிக்கக்காரன் வியாதி’ என்ற வாதம்; பெரும் அதிர்ச்சிக்குப் பின் மனதில் தங்கிவிடும் உளைச்சல் நோய்க்குத்தான் அந்தப் பேர். அங்கே தனி ஆளாக அபார்ட்மெண்டில் கிடப்பான், துப்பாக்கி வைத்திருப்பான். நமக்குக் குடும்பம் இருக்கிறது, ஊர் இருக்கிறது, கோயில் குளம் பள்ளிவாசல் இருக்கிறது, அதெல்லாம் இங்கே வராது. படைத் தலைமையும் பல காலம் இதையே வேறு மொழியில் சொல்லிவந்தது. 2021 ஜனவரியில், டெல்லியிலுள்ள யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷனின் தளத்தில், பணியிலிருக்கும் ஒரு கர்னல் எழுதிய ஆய்வு வெளியானது. ராணுவத்தினரில் பாதிப் பேருக்கு மேல் கடும் மன அழுத்தத்தில் இருப்பதாகத் தெரிகிறது என்றது அது. மாதிரி மிகச் சிறியது என்று ராணுவம் மறுத்தது, ஆய்வும் தளத்திலிருந்து காணாமல் போனது. மாதிரி சிறியது என்றால் பெரிய மாதிரியை எடுத்து ஆய்ந்து வெளியிடுவதுதானே பதில்? 2023 டிசம்பரில் புனேயில் படையினருக்கென்றே டெலிமானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் பிரிவு ஒன்று திறக்கப்பட்டது. இல்லாத வியாதிக்கு யாரும் தொலைபேசி எண் திறப்பதில்லை.

இந்தக் காவிரி டெல்டாவுக்கென்று ஒரு தனிக் கணக்கும் இருக்கிறது. 1987 ஜூலையிலிருந்து 1990 மார்ச்வரை இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே மாண்டார்கள். அந்தப் படையில் தமிழ் ஜவான்களும் இருந்தார்கள். எதிரே நின்றவன் பேசுவது புரிந்தது, வீட்டுக்குள் அழுத கிழவி என்ன சொல்லி அழுதாள் என்பதும் புரிந்தது. மற்ற மாநிலத்து வீரனுக்கு வெறும் சத்தமாகக் கேட்டது இவர்களுக்கு வார்த்தையாகக் கேட்டது. திரும்பி வந்தபோது தமிழ்நாடு எப்படி வரவேற்றது? கடைசி அணி சென்னையில் வந்திறங்கியபோது, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் டாக்டர்களும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டதை யாரும் மறக்க முடியாது. ஆனால் படை செய்த கொடுமைக்குக் கணக்குக் கேட்பது ஒன்று. உத்தரவுக்குப் போய்த் திரும்பிய இருபது வயது ஜவானை வாயே திறக்கவிடாமல் வைப்பது முற்றிலும் வேறொன்று. கோடியக்கரையிலிருந்து இலங்கைக்குப் படகு போன கடற்கரை இது. அகதிகள் வந்திறங்கிய பகுதி. இங்கே டீக்கடையில் உட்கார்ந்து ‘நான் அங்கே போயிருந்தேன்’ என்று ஒருவரால் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? சொல்லாமலே குடித்தார்கள். அவர்களுக்கு இன்று அறுபதை ஒட்டிய வயது.

எல்லாப் பட்டாளத்துக்காரருக்கும் போர்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. சொன்னால் அது பொய்யாகிவிடும். பெரும்பாலான ஜவான்கள் நாற்பது வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். பதினெட்டு வயதில் போனவருக்கு விசில் சத்தத்தில் எழுந்து, சொன்ன இடத்தில் நின்று, கொடுத்ததைத் தின்று பதினேழு வருடம் ஓடியிருக்கிறது. திரும்பி வந்தால் வீடு அவர் இல்லாமலே நடந்து பழகியிருக்கிறது. பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ், மாமனார் ஆபரேஷன், கூட்டுறவுச் சங்கத்துக் கடன் எல்லாம் மனைவியின் கையில். வருடம் ஒருமுறை லீவில் வந்தபோது விருந்தாளி போல நடத்தப்பட்டவர், இப்போது நிரந்தரமாக வந்து, சாப்பாட்டுத் தட்டிலிருந்து செருப்பு விடும் இடம்வரை ஒழுங்குபடுத்தத் தொடங்குகிறார். அவர் சொல்வதை யாரும் கேட்பதில்லை. அவரை விசாரிக்கவும் யாரும் இல்லை. அப்பா பேரில் இருக்கும் மூன்று மா நிலம் கடைமடையில் கிடக்கிறது. ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தாலும் அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டும்போது நாற்றங்கால் முற்றிப்போயிருக்கும். அந்த நிலத்திலும் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு. வேறு வேலை என்றால் ஏ.டி.எம். வாசலில் பன்னிரண்டு மணி நேரம் உட்காரும் செக்யூரிட்டி வேலை. துப்பாக்கியைப் பிரித்து மாட்டத் தெரிந்தவரிடம் பெட்ஷீட்டும் டார்ச் லைட்டும் கொடுத்து உட்கார வைக்கிறார்கள்.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு படைவீரர் இருக்கும் ஊராக இருந்தால்கூடப் பரவாயில்லை. சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்து சியாச்சினையும் சூபேதாரையும் பேசிக் கரைத்துவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. கூத்தாநல்லூருக்குப் பேரே குட்டி சிங்கப்பூர். இந்த ஊர் ஆட்கள் போனது பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும். சபுராளி, அதாவது கடல் கடந்து போய்ப் பிழைப்பவர், மனம் உடைந்து திரும்பினால், ‘அங்க என்னா கஷ்டப்பட்டானோ’ என்று சொல்ல இந்த ஊருக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக அந்தக் கஷ்டத்தைப் பார்த்த ஊர். சுற்றுக் கிராமத்தில் ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடக்கும் பட்டாளத்துக்காரரைப் பற்றி யாருக்கும் அப்படி எதுவும் தெரியாது. அவரைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்துக்குத்தான் வருவார்கள்: கோட்டா. கேன்டீனில் அவர் பங்குக்கு மாதாமாதம் வரும் ரம் பாட்டில். கல்யாணத்துக்கு ரெண்டு, திருவிழாவுக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான், அவர் விழுந்து கிடக்கும்போது மிலிட்டரிக்காரன் குடிகாரன் என்று சொல்லிக்கொண்டு தாண்டிப் போகிறார்கள். 

ஜெயிலுக்கு அனுப்ப மனம் வராத குடும்பங்கள் வேறு பக்கம் போகின்றன. முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் ஜாம்புவானோடை தர்கா, திருச்சிக்கு அந்தப் பக்கம் குணசீலம் கோயில். மதம் பார்த்து யாரும் போவதில்லை. இதைக் கேலி செய்ய எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை, ஏனென்றால் அந்தக் குடும்பத்துக்கு அரசாங்கம் வேறு எந்தக் கதவையும் காட்டியதில்லை. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும் இடம் அது. ஆனால் சிகிச்சையில்லாத அடைக்கலம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் இந்த மாநிலம் பார்த்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள்.

மனைவியின் பேச்சை எடுத்தால் என் வாதம் தடுமாறும் என்று சிலர் எதிர்பார்க்கலாம். ‘அடி வாங்குகிறவள் அவள், நீ அடிக்கிறவனுக்குப் பரிந்து பேசுகிறாய்.’ அவள் ஸ்டேஷனுக்கு ஓடிவருவது அந்த ராத்திரியைத் தாண்டுவதற்கு. அவளைக் காப்பாற்றியே ஆக வேண்டும், அவரை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தியே ஆக வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை. கேள்வி, அப்புறப்படுத்தி எங்கே கொண்டுபோவது என்பதுதான். லாக்கப்புக்குக் கொண்டுபோனால் இரண்டு வாரத்தில் அதே ஆள், கூடுதல் ஆத்திரத்தோடு, ‘என்னையா ஜெயிலுக்கு அனுப்பினே’ என்று திரும்பி வருவார். ஓய்வூதிய விதிகளில் நன்னடத்தை ஒரு நிபந்தனை. கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றால் பென்ஷனையே நிறுத்தி வைக்க இடமிருக்கிறது. நின்றால் அடுப்பு எரியாமல் போவது யார் வீட்டில்? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலேயே, 14ஆவது பிரிவில், எதிர்மனுதாரரை ஆலோசனைக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். பெண்ணைக் காக்க வந்த சட்டமே அவருக்கு வைத்தியம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறது.

எல்லாவற்றையும் நோய் என்று சொல்லித் தப்பிக்க விடலாமா என்றால், கூடாது. 2011 ஜூலையில் சென்னைத் தீவுத்திடல் அருகே ராணுவக் குடியிருப்பில் வாதாம் பழம் பறிக்க மதிலேறிய 13 வயதுச் சிறுவனை, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதுதான் சரி. உயிர் போன வழக்கில் மனநிலை பற்றிய கேள்வி எழுந்தால், சன்ஹிதாவின் 22ஆவது பிரிவு இருக்கிறது, நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நான் பேசுவது அந்த மாதிரி வழக்கைப் பற்றி அல்ல. கண்ணாடி உடைத்தவர், கெட்ட வார்த்தை பேசியவர், தன்னையே வெட்டிக்கொள்ளப் போனவர், அரிவாளைக் காட்டிவிட்டுக் கீழே போட்டவர் ஆகியோரைப் பற்றி. ஸ்டேஷனுக்கு வருவதில் இந்த ரகம்தான் அதிகம்.

இவர்களைச் சிகிச்சைக்கு அனுப்புவது சலுகை என்று நினைப்பவர்கள், அது எவ்வளவு கடினமான சலுகை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில், நீதிபதி ராபர்ட் ரஸ்ஸல் 2008 ஜனவரியில் முன்னாள் படைவீரர்களுக்கென்று தனி அமர்வு தொடங்கினார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, அவருடைய நீதிமன்றத்தில் வியட்நாம் போரில் இருந்த ஒருவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் தோள் சரிந்து நின்றிருக்கிறார். நீதிமன்றத்தோடு தொடர்புள்ள இரண்டு முன்னாள் படைவீரர்கள் அவரை வெளியே அழைத்துப்போய்ப் பேசினார்கள். திரும்பி வந்தவர், படை அணியில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று, சிகிச்சைக்கு வருகிறேன் என்றார். அந்த அமர்வு அதிலிருந்து பிறந்தது. ஒவ்வொருவருக்கும் துணையாக இன்னொரு முன்னாள் படைவீரர். ஒரு வருடத்துக்கும் மேல் அடிக்கடி நீதிபதி முன் ஆஜராக வேண்டும், குடித்திருக்கிறாரா என்ற பரிசோதனைக்கு உடன்பட வேண்டும், சிகிச்சையை விடக் கூடாது, தவறினால் சிறை. ரிமாண்டில் பதினைந்து நாள் படுத்து எழுந்து வருவதைவிட இது பலமடங்கு கஷ்டம். பொறுப்பைக் கழற்றிவிடுவது எது, ஏற்க வைப்பது எது என்று நீங்களே சொல்லுங்கள். இன்று அந்த நாட்டில் இப்படி நூற்றுக்கணக்கான நீதிமன்றங்கள் நடக்கின்றன.

நமக்குத் தனி நீதிமன்றம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கையிலிருப்பதே நிறைய. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆவது பிரிவில், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடலாம். நோயுற்றவர் என்பதற்காகவே ஜாமீன் கொடுக்க நீதிமன்றத்துக்கு இடமிருக்கிறது. 2025 ஜூலையில், கார்கில் நாளன்று, தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் படையினர் குடும்பங்களுக்கான உதவித் திட்டத்தைத் தொடங்கி, படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையங்கள் திறக்கச் சொல்லியிருக்கிறது. படையிலேயே தொடங்கிய நோய்க்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டிருந்தால், 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அந்த மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்: சேரும்போது நோய் பற்றிய குறிப்பு இல்லை என்றால், அது பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது படையின் பொறுப்பு.

சட்டம் எல்லோருக்கும் பொது என்கிறபோது ஏன் பட்டாளத்துக்காரரிடமிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டால், இந்த ஊரிலேயே அரசாங்கத்திடம் அதிகம் பதிவான ஆள் அவர்தான். அவருக்குப் படை எண் இருக்கிறது, ரெக்கார்ட் ஆபீஸில் கோப்பு இருக்கிறது, பென்ஷன் உத்தரவு இருக்கிறது, 2003 முதல் இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை இருக்கிறது. மாவட்டத்தில் அவருக்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது. வருடா வருடம் டிசம்பர் 7இல் அவர் பேரைச் சொல்லி நம் எல்லோர் சட்டையிலும் கொடி குத்திக் காசு வாங்குகிறார்கள். இவ்வளவும் உள்ள ஒருவரையே ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை என்றால், அட்டையும் எண்ணும் இல்லாத கூலித் தொழிலாளியை எந்தக் காலத்தில் கொண்டுபோவது? அவருக்குப் போட்ட பாதையில்தான் மற்றவர்களும் போக முடியும்.

கூத்தாநல்லூர் காவல் நிலையத்துக்கும் திருவாரூர் மாவட்ட ஆட்சியருக்கும் கேட்க வேண்டியது இதுதான். ராத்திரி ஒருவரைப் பிடித்து வந்தால், எஃப்.ஐ.ஆர். எழுதும் முன் ரைட்டர் ஒரு கேள்வி கேட்கட்டும்: சர்வீஸில் இருந்தீர்களா? ஆம் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு போன். அந்த அலுவலகம், நள்ளிரவில் கூப்பிட்டாலும் வரச் சம்மதிக்கும் ஓய்வுபெற்ற சூபேதார், ஹவில்தார்களின் பட்டியலை வட்டாரத்துக்கு வட்டாரம் வைத்திருக்கட்டும். போலீஸ் சொல்லிக் கேட்காதவர் அவர்கள் சொன்னால் ஜீப்பில் ஏறுவார். ஸ்டேஷனிலிருந்து வருபவரைத் திருப்பி அனுப்பாமல் 94ஆவது பிரிவின்படி சேர்த்துக்கொள்ளும்படி அரசு மருத்துவமனைக்கு எழுத்தில் ஓர் உத்தரவு போகட்டும். மனைவியின் கையில் 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கட்டும், இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம்.

சீக்கிரம் செய்ய வேண்டும் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் தொகுதிக்கு 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் நான்கு வருடம் முடிகிறது. அவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் படையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது திட்டத்தின் விதி. மற்றவர்கள் இருபத்தைந்து வயதுக்கு முன்னும் பின்னுமாக ஊருக்குத் திரும்புவார்கள். கையில் சேவா நிதித் தொகை இருக்கும். பென்ஷன் கிடையாது, இ.சி.எச்.எஸ். அட்டை கிடையாது, எக்ஸ் சர்வீஸ்மேன் என்ற தகுதியும் கிடையாது.